கலியபெருமாளை மேகத்தில் ஏற்றிய கதை

நான் வேலையில் இருந்த காலத்தில், உயிரோடு இருந்த ஒரு மனிதரை மேகத்தில் ஏற்றியிருக்கிறேன். அதனால் ஒரு கல்யாணம் நிற்கப் பார்த்தது. நம் ஆல்பம் லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் இந்தக் கதையை யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கலாம். போட்டோகிராபர் சேகர் சொல்லியிருந்தால் அதில் பாதிக்கு மேல் சேகருடைய பெருமைதான் இருக்கும். அதனால் தப்பு செய்தவளே உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம்.

என்னை லேபில் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பல வருடம் பாடம் எடுத்தேன், பெயர் ஒட்டிக்கொண்டது. சென்டரை மூடியதும் லேபில் சேர்ந்தேன். கல்யாண ஆல்பம், மண்டப வாசலில் கட்டும் ஃப்ளெக்ஸ், வாட்ஸப்பில் அனுப்பும் அழைப்புப் படம் எல்லாம் எங்கள் கை வழியாகத்தான் போகும். முதலாளி எதற்கும் குரல் உயர்த்தாதவர். தாமதம் என்ற ஒன்று மட்டும் அவருக்கு ஆகாது.

நம் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ அப்பாவோ அம்மாவோ இறந்துபோயிருந்தால், அவர்களும் படத்தில் இருக்க வேண்டும். ஆதார் அட்டையில் இருக்கும் படம், யாரோ ஒருவர் காதுகுத்தில் ஓரமாக நின்ற படம், எதையாவது தேடி எடுத்துவந்து கொடுப்பார்கள். அந்த முகத்தை வெட்டி எடுத்து, மணமக்களுக்கு மேலே வானத்தில் கலந்து வைப்போம். முகம் முழுசாகத் தெரியக் கூடாது, பின்னால் இருக்கும் மேகமும் அதன் வழியாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால், படிக்கத் தெரியாதவர்கூடப் பார்த்த மாத்திரத்தில் இவர் காலமாகிவிட்டார் என்று புரிந்துகொள்வார். கீழே ஒரு எழுத்தும் எழுத வேண்டியதில்லை.

கையால் செய்தால் ஒரு படத்துக்கு ஒரு மணி நேரம் போய்விடும். ஊரடங்கில் தள்ளிப்போட்ட கல்யாணங்கள் எல்லாம் அந்தத் தை மாதத்தில் வந்து குவிந்தன. அப்போதுதான் இந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்யும்படி நான் கோடு எழுதினேன். ஐம்பத்துநாலு வயதில், ஊரடங்கில் வீட்டுக்குள் உட்கார்ந்து பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

விஷயம் பெரிய விஷயமில்லை. கணினிக்குப் படம் என்பது வெறும் எண்கள். மேகப் படத்தின் ஒரு புள்ளியிலிருந்து அறுபது பங்கு, முகப் படத்தின் புள்ளியிலிருந்து நாற்பது பங்கு எடுத்துக் கூட்டினால் இரண்டும் கலந்துவிடும். இரண்டு பங்கும் சேர்ந்து நூறு வர வேண்டும். இது தெரியாமல் முதல் வாரம் இரண்டு படத்தையும் அப்படியே கூட்டிவைத்தேன். எண்கள் எல்லை தாண்டி, மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பித்து, ஒரு மாப்பிள்ளையின் நெற்றி கறுத்து, பல் பச்சையாகிவிட்டது. முதலாளி வந்து திரையைப் பார்த்தார். "டீச்சர், மாப்ள இன்னாத்த தின்னாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பச்சைப் பல்லை நான் தப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. கண்ணில் பட்ட உடனே தெரிந்துவிடும், திருத்திவிடலாம். நான் செய்த நிஜமான தப்பு, குற்றம் குறை இல்லாமல் வேலை செய்த ஒரு வரி. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் சேகர் ஒரு குடும்பப் படம் அனுப்புவான். சில கல்யாணங்களுக்கு அதோடு ஒன்றிரண்டு தனிப்படமும் வரும். தனியாக வந்த படமென்றால் மேகத்தில் ஏற்று என்று கோடில் எழுதிவைத்தேன். எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. உயிரோடு இருக்கிறவர் குடும்பத்தோடு வந்து நின்று படம் எடுத்துக்கொள்வார். அவரை ஏன் தனியாகக் கொண்டுவரப் போகிறார்கள்? அதுவரை எங்களிடம் தனியாக வந்த படம் ஒவ்வொன்றும் காலமானவருடைய படம்தான்.

அந்தச் சமயத்தில்தான் வட மாவட்டங்களில் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் மனுக் கொடுப்பார்கள், ஒரு நாள் மறியல். எந்தச் சாலையில் எப்போது பஸ் ஓடும் என்று டிரைவருக்கே தெரியாது. எங்கள் லேபிலும் அதைப் பற்றி இரண்டு கட்சி இருந்தது. காலையில் சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பார்கள், பதினோரு மணிக்கு ஒரே தட்டில் பஜ்ஜி சாப்பிடுவார்கள். மறியலுக்கும் என் கோடுக்கும் சம்பந்தம் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

கலியபெருமாள் மரவள்ளிக் கிழங்கு லாரி ஓட்டுகிறவர். கருணாபுரத்தில் வீடு. அவர் பெண்ணை மணலூர்பேட்டையில் கொடுக்கப் பேசியிருந்தார்கள், வெள்ளிக்கிழமை காலையில் முகூர்த்தம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பெரியப்பாதான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சேகர் குடும்பப் படம் எடுக்கப் போனபோது, கலியபெருமாள் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தாண்டை மாட்டிக்கொண்டிருந்தார். கிழங்கு ஏற்றப் போனவர். அடிவாரத்தில் மறியல், லாரி இறங்க வழியில்லை. பெண்ணுடைய அப்பா இல்லாமலே குடும்பப் படம் எடுத்தார்கள்.

மலையில் எல்லா இடத்திலும் போன் எடுக்காது. திங்கட்கிழமை யாரோ சொன்ன ஒரு பாறை மேல் ஏறி, வேறொருவர் போனை வாங்கி, புளியமரத்துக்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு நின்று ஒரு படம் எடுத்து சேகருக்கு அனுப்பிவிட்டார். எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தபடி நின்றார். "என்னையும் பக்கத்துல சேத்துடுங்க" என்று செய்தி. அதற்குப் பிறகு அவரிடமிருந்து பேச்சே இல்லை. சேகர் அந்தப் படத்தையும் மாப்பிள்ளையுடைய அப்பா படத்தையும் ஒன்றாகப் போட்டு, தனிப்படம் இரண்டு என்று மட்டும் எழுதி எனக்கு அனுப்பினான்.

புதன்கிழமை காலையில் பதிமூன்று கல்யாணப் படங்களை ஒரே மூச்சில் ஓடவிட்டேன். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒவ்வொன்றாகத் திறந்து ஒரு பார்வை பார்த்தேன். இந்தப் படத்தில் பின்னால் மலை, மேலே மேகம், மேகத்தில் மாப்பிள்ளையுடைய அப்பா. பக்கத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு இன்னொருவர். இரண்டு பக்கமும் அப்பா இல்லாத கல்யாணம் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். உச்சுக்கொட்டினேன். கருணாபுரத்துக்கும் மணலூர்பேட்டைக்கும் அனுப்பிவிட்டு அடுத்த படத்தைத் திறந்தேன்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். ஒரு அம்மா வேக வேகமாக உள்ளே வந்தார். கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"டீச்சருன்னா யாருங்க?"

"நான்தாங்க. உக்காருங்க."

உட்காரவில்லை. "உங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்றார்.

"எத பத்திங்க?"

"எங்க வூட்டுக்காரரு பூட்டாருன்னு." போனைத் திருப்பிக் காட்டினார். மேகத்தில் கலியபெருமாள் சிரித்துக்கொண்டிருந்தார். "எங்களுக்கு ஒண்ணும் தெரியலங்க. மலைக்குப் போன் போவல. ரெண்டு நாளா பேச்சே இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சிதான போட்டிருக்கீங்க? எப்பிடி ஆச்சி, எங்க வெச்சிருக்காங்க, அத மட்டும் சொல்லிடுங்க."

அவர் பெயர் அஞ்சலை. சண்டை போட வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சண்டைக்கு வரவில்லை. செய்தி கேட்க வந்திருந்தார். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, யாரும் எதுவும் சொல்லவில்லை, தப்பாகிவிட்டது, கம்ப்யூட்டர் அப்படிப் போட்டுவிட்டது என்றேன்.

"கம்ப்யூட்டருக்கு யாரு சொன்னாங்க?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை. "நான்தாங்க சொன்னேன்" என்றேன்.

அதற்குள் மணலூர்பேட்டையிலிருந்து முதலாளிக்குப் போன் வந்துவிட்டது. மாப்பிள்ளையுடைய பெரியப்பா. ஸ்பீக்கரில் போடாமலே லேப் முழுக்கக் கேட்டது.

"சாவ மறைச்சிக் கல்யாணம் பண்ணப் பாக்கறாங்களா? தீட்டோட எங்க புள்ள தாலி கட்டணுமா? அப்பன் சாவறதும் தெரியாம பொண்ணு மணையில வந்து குந்தணுமா? பந்தல பிரிக்கச் சொல்லிட்டேன்!"

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. குறித்த நாள் தவறக் கூடாது என்று சாவை இரண்டு நாள் மூடி வைத்து, கல்யாணத்தை முடித்துவிட்டு ஒப்பாரி வைத்த வீடுகளை நாமும் கேள்விப்பட்டிருக்கிறோம். அவருக்கு வந்த படமோ பெண்வீட்டார் படம் எடுத்த லேபிலிருந்து வந்தது. கலியபெருமாளைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால் போன் போகவில்லை. ஆளைக் கூட்டிவரலாம் என்றால் சாலை இல்லை.

பத்து நிமிடத்தில் படத்தைத் திருத்தினேன். கலியபெருமாளைக் கீழே இறக்கி, அஞ்சலைக்குப் பக்கத்தில் முழுசாக நிற்க வைத்து அனுப்பினேன். பெரியப்பாவிடமிருந்து குரல்செய்தி வந்தது. "செத்தவன நிக்க வெக்கறதுதான உங்க தொழிலே? எனக்கே காட்றியா?"

முதலாளி என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், ஒண்ணு பண்ணலாம். இன்னிக்குப் பேப்பர அவரு கையில புடிச்சிக்கினு நிக்கற மாரி பண்ணிடுங்க. தேதி தெரியணும். உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேல. கல்யாணம் நடந்துடும், அவரும் நாளான்னிக்கு எறங்கி வந்துடுவாரு, முடிஞ்சிது."

அவர் கெட்டவர் இல்லை. ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கக் கூடாது என்றுதான் சொன்னார். நானும் அதைத் தட்டவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மேசைக்கு வந்து, அன்றைய பேப்பரைப் படம் எடுத்தேன். கலியபெருமாள் மார்புக்கு நேரே வைத்தேன். ஓரத்தை மழுக்கினேன், நிழலைச் சேர்த்தேன். கைவிரல் பேப்பருக்கு முன்னால் வருகிற மாதிரி கலந்தேன். நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான், சத்தியமாக.

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அஞ்சலை வந்து நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இது எப்ப வந்துதுங்க? இன்னிக்கு எடுத்ததா? நல்லா இருக்காரா?"

நான் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டேன். கலியபெருமாள் மலையில் எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இறந்துவிட்டார் என்று தெரியாமல் சொன்னேன், அது ஒரு பொய். இருக்கிறார் என்று தெரியாமல் சொன்னால் அது இரண்டாவது பொய். முதலாவதில் எனக்குக் கவனம் போதவில்லை. இரண்டாவதை நான் தெரிந்தே செய்துகொண்டிருந்தேன். கட்டிய பெண்சாதியே நம்பிவிட்டாரே, பெரியப்பாவும் நம்பிவிடுவார். அந்த மனிதருக்கு வழியில் நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால் இந்த அம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

"இல்லீங்கம்மா, இது நான் பண்ணினது" என்று சொல்லி, அவர் கண் முன்னாலேயே அழித்துவிட்டேன். அவர் முகம் மறுபடி வாடியது. அதைப் பார்த்ததுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. முதலாளியிடம் போய், நாளைக் காலையில் மணலூர்பேட்டைக்குப் போகிறேன் என்றேன்.

"போயி?"

"தப்பு என்னுதுன்னு சொல்லப் போறேன்."

"அவரு அடிச்சாருன்னா?"

"உங்க ஹெல்மெட்ட குடுங்க" என்றேன். சிரித்துவிட்டார். ஹெல்மெட்டும் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலையில் சேகருடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்போடு கிளம்பினேன். தியாகதுருகம் தாண்டியதும் சாலையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொடி, கோஷம், ஓரமாகப் போலீஸ். ஒருவர் எழுந்து வந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சேகருக்கு வாய் சும்மா இருக்குமா? முழுக் கதையையும் அவிழ்த்துவிட்டான். கோஷம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"உயிரோட இருக்கற மனுசன சாவடிச்சிட்டு வர்றீங்களா?" என்று ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "போங்க மேடம், போங்க. எங்களால ஒரு கல்யாணம் நின்னுதுன்னு வர வேணாம். அப்பிடியே கரும்புக் கொல்லை ஓரமாப் போனீங்கன்னா ஏரிக்கரை வரும், அங்கேருந்து ரோடு புடிச்சிக்கலாம்." கொஞ்ச தூரம் கூடவே வந்து வழியும் காட்டினார். கரும்புச் சோகை என் கை முழுக்கக் கீறிவிட்டது.

மணலூர்பேட்டையில் பெரியப்பா வீட்டு வாசலில் பந்தல் பாதி பிரித்தும் பாதி பிரிக்காமலும் நின்றது. பந்தல்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா நல்ல உயரம், பெரிய மீசை, அதற்குக் கீழே தாடையில் இறக்கிவிட்ட முகக்கவசம். நான் பேச ஆரம்பித்ததுமே கையை நீட்டித் தடுத்தார்.

"ஏம்மா, நீ இன்னா சொன்னாலும் நான் கேக்கறதா இல்ல. படத்த பாத்தேன். ஊரே பாத்துது."

வாயால் சொல்லிப் பயனில்லை என்று புரிந்தது. "ஒரு நிமிஷம் இப்பிடிப் பாருங்க ஐயா" என்று போனில் அவரைப் படம் எடுத்தேன். நெல் மூட்டை மேல் லேப்டாப்பை வைத்து, அவர் படத்தைத் தனிப்படமாகப் போட்டு, பழைய கோடை ஓடவிட்டேன்.

இரண்டு விநாடி ஆகியிருக்காது. மலைக்கு மேலே, மேகத்தில், இறந்துபோன தம்பிக்குப் பக்கத்தில், மீசையும் முகக்கவசமுமாகப் பெரியப்பா வந்துவிட்டார்.

"ஐயோ, இன்னாம்மா இது!" என்று அவர் மனைவி ஓடிவந்தார். "எடும்மா அத! மொதல்ல எடு! சுமங்கலி வூட்டுல வந்து இன்னா காரியம் பண்ற நீ!"

பெரியப்பா மார்பில் கை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். "நான் இங்கதான நின்னுக்கினு இருக்கேன்?" என்று பக்கத்தில் இருந்த பந்தல்காரரிடம் கேட்டார்.

"ஆமாங்க, இங்கதான் இருக்கீங்க" என்றார் அவர், மரியாதையாக.

நான் அந்த வரியைக் காட்டினேன். தனியாக வருகிற படம் இறந்தவருடையதாகத்தான் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு எழுதிவைத்தது, யாரும் எனக்குச் சொல்லவில்லை, பெண்வீட்டார் எதையும் மறைக்கவில்லை என்றேன். நாற்பது என்று இருந்த இடத்தில் நூறு போட்டதும் பெரியப்பா மேகத்திலேயே கெட்டியாகத் தெரிந்தார். அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. அவரே குனிந்து ஒற்றை விரலால் பத்து என்று அடித்தார். மீசை மட்டும் லேசாகத் தெரிந்தது. அவர் மனைவி அவர் கையில் ஒரு போடு போட்டார். பந்தல்காரர்கள் சிரித்தார்கள், வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள், கடைசியில் பெரியப்பாவும் சிரித்தார். நான் தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "சரி. தப்பு உன்னுதுன்னு ஒத்துக்கறேன். ஆளு உயிரோட இருக்காருன்னு இதுல எங்க இருக்கு?"

சேகர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"இதுல இல்லீங்க ஐயா" என்றேன். "எனக்கும் தெரியாது. கடைசியா அவரு அனுப்பின படத்துல நல்லாச் சிரிச்சிக்கினுதான் இருந்தாரு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

பெரியப்பா லேப்டாப்பை அவரே மூடினார். "நேத்துலருந்து பொண்ணு வூட்டுச் சொந்தம் பத்து பேரு போன் பண்ணாங்க. எல்லாரும் நல்லா இருக்காரு, நல்லா இருக்காருன்னே சொன்னாங்க. ஒருத்தரும் கண்ணால பாக்கல. தெரியாதுன்னு நீ ஒருத்திதான் சொல்ற." பந்தல்காரர்கள் பக்கம் திரும்பினார். "கட்டுங்கப்பா. பொழுது சாயறதுக்குள்ள சம்பந்தி வந்து நின்னா காலையில தாலி. வர்லன்னா கல்யாணம் கெடக்கட்டும், நானே ஆள கூட்டிக்கினு மலைக்குத் தேடப் போறேன்."

மத்தியானம் அஞ்சலையும் பெண்ணும் சொந்தக்காரர்களும் ஒரு வேனில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கல்யாண மண்டபத்துக்குள் போகவில்லை, பெரியப்பா வீட்டுக்கு எதிரே இருந்த பிள்ளையார் கோயில் வாசலில் உட்கார்ந்தார்கள். பெண் தலையில் வைத்த பூ வாட ஆரம்பித்திருந்தது. அஞ்சலை என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று மணி ஆயிற்று, நாலு ஆயிற்று. பெரியப்பா அடிக்கடி வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் மலைக்குப் போக ஜீப்புக்குச் சொல்லிவிட்டார் என்று சேகர் வந்து காதில் சொன்னான். எனக்குச் சாமி கும்பிடும் பழக்கம் கம்மி. அன்றைக்குப் பிள்ளையாரை நான் படுத்தின பாடு அவருக்குத்தான் தெரியும்.

ஐந்து மணிக்கு மேல் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஒன்று வந்து கோயில் முனையில் நின்றது. கரும்புக் கட்டுக்கு மேலிருந்து ஒருவர் பின்பக்கமாக இறங்கினார். வெள்ளைச் சட்டை காவிச் சட்டையாகியிருந்தது. கை காலெல்லாம் கீறல். கையில் ஒரு பாட்டில் மலைத்தேன். லாரியைக் கிளீனர் பொறுப்பில் விட்டுவிட்டு, குறுக்கு வழியில் மலையிறங்கி நடந்து, கிடைத்த டிராக்டரில் எல்லாம் மாறி மாறி ஏறி வந்திருக்கிறார். மேகத்துக்குப் போன விஷயம் அவருக்குத் தெரியாது.

எல்லாரும் அப்படியே நின்றோம். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா, எல்லாரும் பேயப் பாத்த மாரி பாக்கறீங்க?"

பெரியப்பா விடுவிடென்று போய், அவர் இரண்டு தோளையும் பிடித்து அமுக்கினார். புஜத்தைப் பிடித்துப் பார்த்தார். முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு தெருவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"சம்பந்தி கெட்டியாதான் இருக்காருப்பா! மோளத்த அடிக்கச் சொல்லு!"

அஞ்சலை மெதுவாக எழுந்து போனார். முதலில் கணவர் கையிலிருந்த தேன் பாட்டிலை வாங்கிப் பெண்ணிடம் கொடுத்தார். பிறகு இரண்டு கையாலும் கணவருடைய மார்பில் குத்திக்கொண்டே அழுதார். கலியபெருமாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "தேன் வாங்கத்தான் லேட்டாச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அழுதேன், சேகரும் அழுதான். அவன் உங்களிடம் சொல்லும்போது இந்த இடத்தை விட்டிருப்பான்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தனிப்படம் ஒவ்வொன்றுக்கும் கோடு நின்று, இவர் இருக்கிறாரா என்று கேட்கிறது, யாரையாவது விசாரித்துப் பெயர் போட்டால்தான் மேலே போகிறது, இதனால் வேலை தாமதமாகிறது என்று நீங்கள் முதலாளியிடம் புகார் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கேள்வியை மறு வாரமே எழுதிச் சேர்த்தவள் நான்தான். தாமதம் ஆகாத முதலாளி அதை எடுக்கச் சொல்லி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இன்னும் நல்ல கோடு எழுதுங்கள், என் கோடைத் தூக்கி எறியுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு முகத்தை மேகத்தில் வைக்கும் முன்னால் போனை எடுத்து, அந்த வீட்டில் ஒருவரிடம் பேசுங்கள். அதுவரை நடந்தது எல்லாம் இனிமேலும் நடக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிற வரி, ஒரு மறியல் வந்தால் கவிழ்ந்துவிடும். கவிழ்ந்ததும் கம்ப்யூட்டர் செய்தது என்று சொல்ல உங்களுக்கும் வாய் வரும். கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது என்று கேட்க ஒரு அஞ்சலை வருவார்.

வெள்ளிக்கிழமை காலையில் கல்யாணம் நன்றாக நடந்தது. பெரியப்பா எனக்குத் தன் கையால் இரண்டு தடவை வடை வைத்தார். தாலி கட்டியதும் மணவறையில் எல்லாரும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் தூங்காத கலியபெருமாள், சேகர் எடுத்த நாலு படத்தில் மூன்றில் கண்ணை மூடிவிட்டார். கண் திறந்திருந்த அந்த ஒரு படத்தில் பெண் குனிந்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க அஞ்சலை லேபுக்கு வந்தார். மற்ற எல்லாரும் நன்றாக விழுந்து, கலியபெருமாள் மட்டும் கண்ணை மூடியிருந்த ஒரு படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கை துறுதுறுத்தது. இன்னொரு படத்தில் கண் திறந்திருக்கிறார், அந்தக் கண்ணை எடுத்து இதில் கலந்துவிட்டால் யாருக்கும் தெரியாது, அரை மணி நேர வேலை, செய்யட்டுமா என்று கேட்டேன்.

அவர் திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"வேணாங்க டீச்சர். கண்ண மூடிக்கினு இருந்தா இருந்துட்டுப் போவட்டும். பக்கத்துல நின்னுக்கினு இருக்காரு இல்ல, அது போதும்."